என் கணக்கில் மட்டும் இருட்டு

எங்கள் குடிநீர் வாரியத்தைப் பற்றி வேறு யாராவது குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது. நானே சொல்லிக்கொள்வேன், மற்றவர்கள் எதற்கு? வாரியம் எனக்குச் சோறு போடுகிறது. தண்ணீர்தான் தரவில்லை.

நான் மீட்டர் பார்ப்பவன். தெருத்தெருவாகப் போய், வாசல் ஓரத்தில் இருக்கும் தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்த்து, அதில் ஓடியிருக்கும் எண்ணைப் பதிய வேண்டும். பதிவதற்கு வாரியம் ஒரு கைக்கணினி கொடுத்திருக்கிறது. செங்கல் அளவு, செங்கல் கனம். உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அதற்கு மேல் சொல்வதற்குள் டீ வந்துவிட்டது. இரண்டு பேருக்கு ஒரு கருவி என்பது ஏற்பாடு. காலையில் நான், மத்தியானத்துக்கு மேல் என் மச்சான். கருவி ஒன்றுதான், கணக்கு இரண்டு. அவரவர் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டால் அவரவர் கணக்கு திறக்கும்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். நான் மறந்து தொலைத்துவிடுவேனோ என்று, கருவியைக் கைமாற்றும்போதெல்லாம் ஒருமுறை ஞாபகப்படுத்துவார்.

அவர் கணக்கைத் திறந்தால் திரை வெள்ளை வெளேர் என்று இருக்கும், எழுத்து கறுப்பு. நான் திறந்தால் திரை கன்னங்கரேல், எழுத்து சாம்பல். இதைத்தான் தீம் என்கிறார்கள். உச்சி வெயிலில் என் திரையைப் பார்த்தால் என் மூஞ்சி தெரியும், எழுத்து தெரியாது. என் மூஞ்சியைப் பார்ப்பதற்கு வாரியம் சம்பளம் தருவதில்லை. ஆகவே ஒவ்வொரு வாசலிலும் குடையை விரித்து, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு பதிவேன். அதோடு போயிருந்தால் நான் இப்படிப் புலம்பிக்கொண்டிருக்க மாட்டேன்.

வாரியம் திடீரென்று ஒரு புதுப் பக்கத்தைச் சேர்த்தது. மீட்டர் எண்ணைப் பதிந்ததும் 'இவ்வீட்டில் ஆள் உண்டா?' என்று அது கேட்கும். கீழே 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள். ஆள் இல்லாத வீட்டுக்குத் தண்ணீர் போய் வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணம். 'இல்லை' என்று அழுத்தினால் அந்த வீட்டுக் குழாய் தானாக மூடிக்கொள்ளும். இந்தப் பக்கத்தைச் செய்து கொடுத்தது வேறு யாரோ. எல்லாருடைய திரையும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று நம்பி, எழுத்தைக் கறுப்பில் போட்டுவிட்டார்கள். மச்சானுக்குப் பளிச்சென்று தெரிந்தது. எனக்குக் கறுப்பின் மேல் கறுப்பு. குடைக்குள் என்ன, கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தாலும் தெரியாது.

இடத்தை மனப்பாடம் பண்ணி அழுத்தலாமே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஊழியர்கள் திரையைப் பார்க்காமல் பழக்கதோஷத்தில் அழுத்திவிடக் கூடாது என்று, பொத்தான்கள் இரண்டும் ஒவ்வொரு தடவையும் இடம் மாறும்படி செய்திருந்தார்கள். வாரியத்தில் யோசிக்கிற ஆள் இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

என் பகுதியில் முதல் தெரு என் தெரு. முதல் வீடு என் வீடு. குத்துமதிப்பாக இடப்பக்கம் அழுத்தினேன். உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மனைவி வெளியே வந்தாள்.

"என்னங்க, தண்ணி நின்னுபோச்சு."

"தெரியும். நீ இந்த வீட்டுல இல்லைன்னு இப்பதான் பதிஞ்சேன்."

சோப்பு நுரை சொட்டும் கையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு விஷயத்தை விளக்குவதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. கடைசியில் அவள் உள்ளே போய்ப் பெரிய போர்வையை எடுத்துவந்தாள். இருவரும் மீட்டர் பக்கத்தில் குந்தி, தலைக்கு மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தோம். எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். உள்ளேயிருந்து நான் "ஆபீஸ் வேலை" என்றேன். 

"போன தடவை இடப்பக்கம்னா இந்தத் தடவை வலப்பக்கம் அழுத்துங்க," என்றாள் மனைவி. அழுத்தினேன். சாம்பல் எழுத்தில் பதில் வந்தது. 'இருமுறை உறுதி செய்யப்பட்டது: ஆள் இல்லை. நன்றி.'

இருமுறை உறுதியான வீட்டை மூன்றாம் முறை திருத்த வேண்டுமானால் தலைமை அலுவலகம் அனுமதிக்க வேண்டும். அனுமதித்த பிறகும் அந்தப் பகுதிக்காரன்தான், அதாவது நான்தான், என் கணக்கிலிருந்துதான், அதே பக்கத்தில் அழுத்த வேண்டும். மற்ற வீடுகளில் அந்தப் பக்கம் வந்தால் அழுத்த எனக்குக் கை வரவில்லை. அழுத்தாமல் மூடிவிட்டால் அந்த வீடுகளுக்குத் தண்ணீர் பாட்டுக்கு வரும். 'பணியில் சுணக்கம்' என்பது மட்டும் என் பெயரில் ஏறும். ஏறட்டும் என்று விட்டேன்.

மச்சானிடம் போய்க் கெஞ்சினேன். "உங்க கணக்குலதான் எல்லாம் தெரியுதே மச்சான். ஒரே ஒரு அழுத்து."

"உங்க தெரு என் பகுதி இல்ல மாப்ளே. அடுத்தவன் பகுதியில கை வெச்சா ஆள்மாறாட்டம். ரெண்டு பேரையும் தூக்கிடுவான். அவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிக் குடுத்த வேலை..."

"தெரியும் மச்சான்."

"தங்கச்சியை என் வீட்டுல வந்து தண்ணி பிடிச்சுக்கச் சொல்லுங்க."

அன்றிலிருந்து அவள் அடுத்த தெருவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் காலையும் மாலையும் குடத்தோடு நடந்தாள். மீட்டர்காரன் பெண்டாட்டி தண்ணீருக்குக் குடம் தூக்குகிறாள் என்று தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அவளுக்கு இடுப்பு வலித்தது.

தலைமை அலுவலகத்தின் மேல் மாடியில் தோற்றப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எல்லாக் கருவிகளின் திரையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கவனிப்பது அவர்கள் பொறுப்பு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த எழுத்தர் என் புகாரைப் பொறுமையாகக் கேட்டார். கருவியை வாங்கினார். தன் பெயரையும் தன் கடவுச்சொல்லையும் போட்டுத் திறந்தார்.

"வெள்ளையாத்தானே இருக்கு?"

"இது உங்க கணக்கு சார். என் கணக்குலதான் கறுப்பு."

"உங்க கடவுச்சொல் எனக்குத் தெரியக் கூடாதே."

"நானே போட்டுத் திறந்து காட்டறேன்."

"போடறப்போ பக்கத்துல ஆள் இருக்கக் கூடாது."

"நீங்க கொஞ்சம் திரும்பிக்குங்க."

"கவுன்ட்டர்ல உக்காந்து வந்தவங்களுக்கு முதுகைக் காட்டக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு."

"அப்ப நான் வெளியே போய்த் திறந்துட்டு வரேன்."

"திறந்த கருவியோட உள்ளே வர முடியாது. வாசல்லயே பிடிச்சுக்குவாங்க," என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. நாங்க பார்த்தவரைக்கும் வெள்ளை. நாங்க பார்க்கிறதைத்தானே நாங்க எழுத முடியும்?"

புகார் தீர்க்கப்பட்டது என்று பதிந்தார். வெளியே வந்து என் கணக்கைத் திறந்தேன். புகார் தீர்ந்தவரிடம் வாரியம் திருப்தியைக் கேட்குமாம். ஐந்து பொத்தான்கள் இருக்கின்றன என்று மச்சான் ஒருமுறை சொல்லியிருக்கிறார், மிக்க அதிருப்தியிலிருந்து மிக்க திருப்தி வரை. அதையும் அதே ஆட்கள்தான் செய்திருக்க வேண்டும், எனக்குத் தெரிந்தது இருட்டுதான். அழுத்தாமல் விட்டால் கருவி வேறு எதையும் செய்ய விடாது. எங்கேயோ அழுத்தினேன். வேலைக்குப் போனேன்.

அடுத்த படி தோற்றப் பிரிவின் மேலாளர். எந்தப் பேச்சையும் 'விதிமுறைப்படி' என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால், எங்களுக்குள் அவருக்கு விதிமுறை என்றே பெயர். அவரும் கருவியைத் தன் கணக்கில் திறந்தார். இளநீலத் திரை, ஓரத்தில் ரோஜாப்பூ.

"இது என்ன சார், வெள்ளையும் இல்லாம கறுப்பும் இல்லாம?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"விதிமுறைப்படி இதுவும் வெள்ளைதான். மேலாளர் நிலையில கொஞ்சம் நீலம் தட்டும்," என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு எனக்குப் புத்தி சொன்னார். "விதிமுறைப்படி ஒரு கருவிக்கு ஒரு தோற்றம்தான் இருக்க முடியும். உங்க மச்சானுக்கு வெள்ளை. எழுத்தருக்கு வெள்ளை. எனக்கும் வெள்ளை. உங்களுக்கு மட்டும் கறுப்புன்னா கோளாறு கருவியிலயா இருக்கு? நீங்களே சொல்லுங்க. கண் டாக்டர்கிட்ட போய் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க."

போனேன். டாக்டர் எழுத்தைக் காட்டினார், படித்தேன். கண் கண்ணாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். சர்ட்டிபிகேட்டைப் பார்த்ததும் விதிமுறையின் முகம் மாறியது.

"அப்ப கண்ணு நல்லாத் தெரியுது?"

"நல்லாத் தெரியுது சார்."

"நல்லாத் தெரியற ஆள் தெரியலைன்னு புகார் குடுத்தா அதுக்குப் பேர் என்ன? பொய்ப் புகார்."

கண் கெட்டிருந்தால் வேலை போயிருக்கும். கெடாததால் விசாரணை வந்தது. விசாரணைக்கு உத்தரவு போட்ட கையோடு, பழைய புகாரை இரண்டாம் தடவையாகத் தீர்த்தும் வைத்தார். மறுபடியும் திருப்திப் பக்கம். மறுபடியும் எங்கேயோ அழுத்தினேன்.

வீட்டில் மனைவியின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. "இன்னிக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்பவள், அப்புறம் அதையும் நிறுத்திவிட்டாள். குடத்தை இறக்கிவைக்கும் சத்தத்தில்தான் அன்றைய கோபத்தின் அளவு எனக்குத் தெரியும். இரவில் முகம் கழுவ ஒரு செம்புத் தண்ணீர் எடுத்தால்கூட, "பார்த்து," என்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தப்பு என் விரலில் இருந்தது. ஆனால் அந்த விரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

விசாரணை இயக்குநர் முன்னால் நடந்தது. வாரியத்திலேயே பெரியவர் அவர். அறை முழுக்கத் திரைச்சீலை, குளிர் சாதனம், அறைக்குள்ளேயே தனிக் குளியலறை. தினமும் சாயங்காலம் முகம் கழுவி, புதிதாகப் பவுடர் போட்டுக்கொண்டுதான் கோப்புகளில் கையெழுத்துப் போடுவார் என்று சொல்வார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மை," என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாளில் இப்படிச் சொன்ன முதல் மனிதர்.

"கருவி ஒண்ணுதான். ஆனா ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளே ஒரு தனிப் பெட்டி இருக்கு. நிறம், எழுத்து, எல்லாம் அந்தப் பெட்டியிலதான் இருக்கும். என் பெட்டியில நான் எதை மாத்தினாலும் உங்க பெட்டிக்கு அது தெரியாது. நிர்வாகியே வந்து தன் கணக்குல மாத்தினாலும் நிர்வாகியோடது மட்டும்தான் மாறும். புதுசா ஆள் சேரும்போது ஒரு மாதிரிப் பெட்டியிலேர்ந்து பிரதி எடுத்துக் குடுப்போம். நீங்க சேர்ந்தப்போ அந்த மாதிரிப் பெட்டி கறுப்பா இருந்துச்சு. கறுப்பு வைக்கச் சொன்னதே நான்தான்."

"எதுக்கு சார்?"

"இந்த அறையில அது கண்ணுக்கு இதமா இருந்துச்சு."

"இப்ப உங்களுக்குக் கறுப்பா சார்?"

"எனக்கு அலுத்துப்போச்சு. வெள்ளைக்கு மாறிட்டேன். அமைப்புகள்ல போய் ஒரு தட்டு தட்டினா மாறிடும்."

"நானும் ஒரு தட்டு தட்டிக்கட்டுமா சார்?"

"நீங்க தட்ட முடியாது. களப் பணியாளர்களுக்கு அதைப் பூட்டிட்டோம். ஆளாளுக்கு ஒரு நிறம் வெச்சுக்கிட்டா அப்புறம் ஒருமைப்பாடு என்ன ஆகறது?"

"ஒரே மாதிரி இல்லைன்னுதானே சார் நான் வந்து நிக்கறேன்."

"அதுக்காகத்தான் பூட்டியிருக்கோம்," என்றார். அவருக்கு அதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. "பூட்டைத் திறக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனா உங்களுக்குத் திறந்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. அப்புறம் ஊழியர்கள் கருவியை உபயோகிக்க ஆரம்பிச்சிடுவாங்க. பாதுகாக்கிறது யாரு?"

தன் கணினியில் என் பெயரைத் தட்டிப் பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட! ரெண்டு தடவையும் 'மிக்க திருப்தி' போட்டிருக்கீங்களே!"

"சார், அது..."

"வாரியத்துலயே திருப்தியைப் பதிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். வெள்ளைத் திரைக்காரங்க ஒருத்தர் விடாம 'மிக்க அதிருப்தி'. ஏன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். இப்பல்ல புரியுது!"

அவர்களுக்குப் பொத்தான் கண்ணுக்குத் தெரிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுந்துவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். விசாரணை ரத்து.

அடுத்த வாரம் ஒரு கூட்டம் போட்டார்கள். எனக்கு ஒரு மாலை போட்டு மேடையில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார். "ஊழியர்களிடையே தோற்ற வேறுபாடு நிலவுவதாக ஒரு புகார் வந்தது. மற்ற வாரியமாக இருந்தால் புகார் சொன்னவரை மாற்றியிருக்கும். நாம் அப்படிப்பட்டவர்கள் அல்ல. அவரை அப்படியே விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் மாற்றுகிறோம். இன்று முதல் களப் பணியாளர் அனைவருக்கும் கறுப்புத் திரை. அதிகாரிகளின் பெட்டிகளில் வாரியம் கை வைக்காது. அது அவர்களுடைய அந்தரங்கம்." எல்லாரும் கை தட்டினார்கள். மாலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்ததால் நான் தட்டவில்லை.

மறுநாள் மத்தியானம் கருவியை வாங்கிய மச்சான், வேலை வாங்கிக் கொடுத்ததை ஞாபகப்படுத்தவில்லை.

"என்ன மாப்ளே பண்ணி வெச்சிருக்கீங்க? கன்னங்கரேல்னு இருக்கு!"

"போர்வை வேணுமா மச்சான்?"

அவர் விறுவிறுவென்று போய்விட்டார். அவர் பகுதியில் முதல் வீடு அவர் வீடு. இரண்டு தடவை அழுத்தியிருக்கிறார். சாயங்காலம் என் மனைவி குடத்தோடு அண்ணன் வீட்டுக்குக் கிளம்ப, மாலை வாங்கியவன் வீட்டில் இந்நேரம் தண்ணீர் வந்திருக்கும் என்று நம்பி அவளுடைய அண்ணி வாளியோடு எங்கள் வீட்டுக்குக் கிளம்ப, இருவரும் தெரு முனையில் சந்தித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று எங்கள் இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு, வெறும் பாத்திரங்களோடு அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். அதற்குள் ஊரில் பாதி வீடுகளில் ஆள் இல்லாமல் போயிருந்தது.

மச்சானின் பகுதியில் கடைசிக் கட்டடம் தலைமை அலுவலகம். அதற்கும் ஒரு மீட்டர் உண்டு, அதற்கும் ஒரு கேள்வி உண்டு. அவரும் மனசாட்சிக்கு விரோதம் இல்லாமல், கண்ணை நன்றாகத் திறந்துகொண்டே இரண்டு தடவையும் அழுத்தியிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் இருவரையும் இயக்குநர் அறைக்கு ஓடிவரச் சொன்னார்கள். போனோம். இயக்குநர் குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகம் முழுக்கச் சோப்பு நுரை. ஒரு கண்ணை மூடியிருந்தார், இன்னொரு கண்ணில் நீர் வழிந்தது. அவரை அந்தக் கோலத்தில் பார்த்தபோது, தெய்வமே, இப்போதாவது விடிவு வந்தது என்று நினைத்தேன். எரிகிற கண்ணுக்கு என் வீட்டுக் கஷ்டம் புரியாமலா போகும்?

"உள்ளே நான் இருக்கேன்! ஆள் இருக்குன்னு போட்டுத் தொலைங்கய்யா!" என்று கத்தினார்.

"போடத் தயார் சார்," என்றார் மச்சான் பணிவாக. "எது உண்டு, எது இல்லைன்னு தெரியல. கறுப்பா இருக்கு."

"கறுப்பா? குடுங்க இங்கே."

கருவியைப் பிடுங்கினார். நுரை ஒட்டிய விரலால் தன் பெயரைப் போட்டார், தன் கடவுச்சொல்லைப் போட்டார். ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்லச் சாந்தமானது.

"வெள்ளையாத்தானே இருக்கு?"

"அப்படின்னா நீங்களே 'உண்டு'ன்னு அழுத்திடுங்க சார்," என்றேன் நான். "உங்களுக்குத்தான் தெரியுதே."

அழுத்தினார். திரையில் வந்ததைச் சத்தமாகப் படித்தார். "'இப்பகுதி உங்கள் கணக்குக்கு ஒதுக்கப்படவில்லை.'" பிறகு எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முகத்தில் நுரையோடு பெருமையும் இருந்தது. "பார்த்தீங்களா? பூட்டு எவ்வளவு கச்சிதமா வேலை செய்யுது!" என்று சொல்லி, புகார் தீர்ந்தது என்று தன் கையாலேயே பதிந்தார். சோப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டே கோப்பில் கையெழுத்துப் போட உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குடமும் ஒரு பையும் இருந்தன.

"என்ன ஆச்சு?"

"புகாரைத் தீர்த்துட்டாங்க."

"தண்ணி?"

நான் கருவியை நீட்டினேன். "முதல்ல இதுல அஞ்சுல ஒண்ணை அழுத்தணும்."

அவள் வாங்கிப் பார்த்தாள். கறுப்புத் திரையில் அவள் முகம் தெரிந்திருக்க வேண்டும். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். கருவியை என்னிடமே கொடுத்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"எங்கம்மா வீட்டுக்கு. அங்கே கிணறு இருக்கு."

"ஏய், நான் சொல்றதைக் கேளு..."

"இந்த வீட்டுல ஆள் இல்லைன்னு ரெண்டு தடவை உறுதி பண்ணியிருக்கீங்க. ஆள் இல்லாத வீட்டுல எனக்கு என்ன வேலை?" என்றாள். திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினாள். குடம் மட்டும் கூடத்தில் நின்றது.

புது மாதம் பிறந்து, மறுபடியும் பதிவு ஆரம்பித்தது. காலையில் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, என் வாசலிலேயே குந்தி, போர்வையைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு கருவியைத் திறந்தேன். மீட்டர் ஒரு எண்கூட நகராமல் இருந்தது. பதிந்தேன். இருட்டில் அந்தப் பக்கம் வந்து நின்றது. எங்கேயோ அழுத்தினேன்.

'ஆள் இல்லை. நன்றி.'

போர்வையை மடித்தேன். முதல் தடவையாக என் வீட்டைச் சரியாகப் பதிந்திருக்கிறேன்.